செயற்கைக்கோளில் எங்கள் நிலத்தைப் படம் எடுத்தீர்கள், சரி. எங்களுக்கு ஒரு பிரதி எங்கே?

வியாழக்கிழமை மண்டபத்தில் நடந்த கூட்டத்தை எல்லோரும் வாட்ஸாப்பில் பார்த்துவிட்டீர்கள். மாமாவின் நான்கு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) மேல் சிவப்புக் கட்டம் போட்டு, '2021-இல் காடு அழிக்கப்பட்டது' என்று கூட்டம் நடத்தியவர்கள் திரையில் காட்டினார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதற்குப் பிறகு நீங்கள் கேட்டவற்றுக்கும் சேர்த்து.

காடாம்! மரம் உயர்ந்து அரிவாள் கட்டிய கம்பு எட்டாமல் போனதால் மறுநடவு செய்தார் மனிதர். அதற்கு முன்னும் அங்கே செம்பனைதான். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை, மேலே இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்தின் முதல் பாதி முழுக்கப் புது செயற்கைக்கோள் பெருமை. வேர்ல்டுவியூ லீஜன் என்று ஆறு செயற்கைக்கோள்கள், 2024 மே தொடங்கி 2025 பிப்ரவரிக்குள் மேலே போய்விட்டன, 30 சென்டிமீட்டர் வரை தெளிவு, சில இடங்களை ஒரே நாளில் 15 முறை வரை பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன். அப்புறம் மாமாவின் நிலத்துக்கு எந்தப் படத்தை வைத்துத் தீர்ப்பு சொன்னார்கள் தெரியுமா? 30 மீட்டர் படம், அதாவது படத்தின் ஒரு புள்ளிக்குள் 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலம். கணக்குப் போடுங்கள்: நான்கு ஏக்கர் அதில் மொத்தம் 18 புள்ளி. 30 சென்டிமீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் புள்ளி. அந்தத் தெளிவில் செம்பனையின் நட்சத்திரத் தலையை வரிசை வரிசையாக எண்ணலாம். 18 புள்ளியில் காடும் பச்சை, செம்பனையும் பச்சை. பச்சை போய் மண் தெரிந்தால் காடு அழிப்பு. விளம்பரத்துக்கு ஒரு கண், ஏழைக்கு ஒரு கண்.

2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தின் எண்ணெய் வேண்டாம் என்பது ஐரோப்பிய விதி. அதே விதியில் செம்பனைத் தோட்டம் காடாகக் கணக்கில் வராது. 2019-இல் எடுத்த ஒரு தெளிவான படம் போதும், மாமா தப்பித்துவிடுவார். அந்தப் படம் யாரோ ஒருவருடைய கிடங்கில் நிச்சயம் இருக்கும். எங்களிடம் இல்லை. என் கேள்வி அவ்வளவுதான்: எங்களை எடுத்த படத்தை எங்களுக்கும் கொடுங்கள்.

"அண்ணே, அது வியாபாரம், சும்மா கொடுப்பானா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சரி தம்பி, காசுக்கே கேட்போம். பழைய படம் வாங்கக்கூட 25 சதுர கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். மாமாவின் நிலம் 0.016 சதுர கிலோமீட்டர். மீதிக்கு என்ன, சுங்கை சிப்புட் டவுனையே வாங்கிக்கொள்வதா? சும்மா கொடுக்கவே முடியாது என்பதும் இல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். நார்வே காசு கட்டி, ஒரு புள்ளிக்கு 5 மீட்டருக்கும் குறைவான தெளிவில் வெப்பமண்டலக் காட்டுப் படங்களைச் சில ஆண்டுகள் உலகத்துக்கே திறந்து வைத்தது. மனம் இருந்தால் நடக்கிறது.

அந்தரங்கம் போய்விடுமே என்கிறவர்களுக்கு: 30 சென்டிமீட்டரில் உங்கள் முகம் தெரியாது, நிம்மதியாகத் தூங்குங்கள்.

"நாமே ஏவலாமே" என்றும் ஒருவர். ஏவினோமே. 2009-இல் மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோள், 2.5 மீட்டர் தெளிவு. நம் ஊர் மேகம் விலகும் நேரத்தில் பிடிக்க அடிக்கடி வரட்டும் என்றே பூமத்தியரேகையை ஒட்டிச் சுற்ற விட்டார்கள். நல்ல யோசனை. சீக்கிரமே செயலிழந்தது. அதைப் பேசினால் வேறு பதிவு ஆகிவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சம்பந்தம் இல்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. நாங்கள் பிறந்த லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை), தோட்டம் கைமாறிய பிறகு 2003-இல் இடித்தார்கள். அப்போது எங்கள் வீட்டில் கேமரா இல்லை. கல்யாணப் படங்களில் பின்னால் கொஞ்சம் தகரம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் 1999-லிருந்தே ஐகோனோஸ் என்ற செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டு இருந்தது, ஒரு மீட்டர் தெளிவில் படங்களை விற்க. என்றைக்காவது மேகம் இல்லாத ஒரு காலையில் எங்கள் கூரையையும், அம்மாவின் கோழிக்கூட்டையும் எடுத்திருக்கலாம். அப்பா போகும்வரை அந்த லயத்தைத்தான் பேசினார். அவருடைய வீட்டின் ஒரே முழுப் படம் எங்கோ ஒரு கம்பெனியின் கணினியில், விலைப்பட்டியலோடு கிடக்கலாம். இதைச் சொன்னால் "சென்டிமென்ட்" என்கிறீர்கள். ஆமாம், சென்டிமென்ட்தான். உங்கள் தாத்தா வீட்டுக்குப் பட்டா இருந்தது, ஆல்பம் இருந்தது. எங்களுக்கு லயம் மட்டும்தான் இருந்தது.

தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று என்னை எழுதியவர்கள் தயவுசெய்து மேலே போய் இன்னொரு முறை படியுங்கள். நான் கேட்பது இன்னும் தெளிவான படம்.

மாமாவின் குலையை ஆலைக்கு எடுத்துப் போகும் வியாபாரி இந்த வாரம் லாரியை நிறுத்தவே இல்லை. பழம் அழுகினால் எந்தச் செயற்கைக்கோள் பார்க்கும்?

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபம். 2019, 2020 படங்களை, எடுத்த தேதியோடு, எழுத்து மூலம் கேட்கப்போகிறோம். சிவப்புக் கட்டம் வாங்கிய மற்றவர்களும் கெரான் (நிலப் பட்டா) நகல், மறுநடவு ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடிதத்தை மலாயில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் தேவை. லைக் போதும், இருக்கிறது.