அந்த ஒரு ஷில்லிங்கைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

சனிக்கிழமை நூலகத்தில் 1870களின் அயர்லாந்துக் கைம்பெண் ஒருத்தியின் உயிலைத் திரையில் காட்டினார்களே, அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். உயிலின் படமும் போட்டாயிற்று, அதன்கீழே சிரிப்பு முகங்களும் வரிசையாக விழுந்தாயிற்று. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், மூன்றாவது வரிசையில். "மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங்" (அந்தக் காலத்துச் சில்லறைக் காசு) என்ற வரி திரையில் வந்ததும் கிளம்பிய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "கிழவிக்கு அவ்வளவு கோபம்", "மாமியார் மருமகள் சண்டை இங்கேயும் உண்டு போல" என்று நம் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் கோபத்தில் எழுதவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

1870களில் லிமெரிக் பக்கத்துக் குத்தகை விவசாயி வீடு என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். நிலம் ஜமீன்தாருடையது. குடும்பத்துக்கு இருப்பது குத்தகை உரிமை மட்டும். அதுவும் பெரும்பாலும் ஒரு மகனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கும்போதே அவன் பேருக்குப் போய்விடும். மருமகள் கொண்டுவரும் சீதனப் பணம் பல வீடுகளில் அவன் தங்கையைக் கட்டிக்கொடுக்கப் போகும். அப்புறம் பெரியவர்களுக்கு மிஞ்சுவது மேற்கு அறை, ஒரு பசு மேயும் அளவுக்குப் புல், அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிய கரிமண் கட்டி கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போக வண்டியில் ஓர் இடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாண ஒப்பந்தத்திலும் கணவனின் உயிலிலும் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதியே வைத்தார்கள். பெற்ற மகன் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பசுவின் புல் என்று பத்திரம் போட வேண்டியிருந்தது.

ஆக, மூத்தவனுக்கு வர வேண்டியது எப்போதோ வந்துவிட்டது. அவளிடம் இருந்ததே ஒரு மெத்தை, ஒரு கிடேரி, ஒரு சால்வை, பானை சட்டி. வாத்திறகு மெத்தை ஒரு மகளுக்கு, கிடேரி பேத்திக்கு, சால்வை இன்னொரு மகளுக்கு, கொஞ்சம் பணம் தன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்க. மெத்தைக்கும் சிரித்தீர்கள். அந்தக் காலத்தில் நல்ல இறகு மெத்தைதான் பல வீடுகளில் விலை அதிகமான பொருள். தான் படுத்த, பிள்ளை பெற்ற, ஒருவேளை கணவன் உயிர் விட்ட மெத்தையை அவள் மகளுக்குக் கொடுக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"சொத்தில் பங்கில்லை என்று பிள்ளையை ஒரு ஷில்லிங்கோடு வெட்டிவிடுவது என்று இங்கே ஒரு பேச்சே உண்டு, உனக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். பதினான்கு வருஷமாக இங்கேதான் நர்ஸ் வேலை பார்க்கிறேன். வெறுப்பில் ஷில்லிங் எழுதிய பெற்றோரும் இருந்தார்கள், சரி. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று அன்றைய சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1965-ல் வந்த வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான், தனக்கு நியாயம் செய்யவில்லை என்று பிள்ளை நீதிமன்றம் போக முடிந்தது. அதற்கு முன்னால் அவள் மகன் பெயரையே எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. மறந்துபோனாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று அவன் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது வெறுப்பாகப் படவில்லை. அம்மாவாகப் படுகிறது.

"நீ உணர்ச்சிவசப்படுகிறாய், அது வெறும் சொத்துப் பத்திரம்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து சொன்னார். வெறும் பத்திரமா? கணவன் இருக்கும்வரை அவள் கையில் இருந்த பொருள் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் அவனுடையது. அவன் சம்மதம் இல்லாமல் அவள் உயில் எழுத முடியாது. மனைவியின் சொத்து அவளுக்கே என்று முழுதாகச் சொன்ன திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்ததே 1882-ல். கைம்பெண் ஆன பிறகுதான் "என்னுடையது" என்று ஒரு காகிதத்தில் சொல்ல அவளுக்கு வழி கிடைத்தது. அவளுக்குக் கையெழுத்துக்கூடத் தெரியாது. இரண்டு சாட்சிகள் முன்னால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். நீங்கள் பகிர்ந்த படத்தில் கடைசி வரியைப் பாருங்கள், "அவளுடைய குறி" என்று இருக்கும். அதை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் காகிதம் நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. அங்கே சேர்ந்திருந்த உயில்களின் மூலப்பிரதிகள் ஏறக்குறைய எல்லாம் போயின. 1858-க்குப் பிறகு மாவட்டப் பதிவகங்களில் பிரதி எடுத்து வைத்த புத்தகங்களால்தான் இவளுடையது தப்பியது. முந்தைய நூற்றாண்டுகளின் உயில்களில் பலவற்றுக்கு மிஞ்சியது வம்சாவளி ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்த குறிப்புதான். அவர்களுக்குப் பெயரும் உறவும் போதும். யாருக்கு மெத்தை, யாருக்குப் பசு என்பதை அநேகமாக விட்டுவிட்டார்கள். எத்தனை அம்மாக்களின் மெத்தை அப்படிப் போயிற்றோ.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்கிறீர்கள். நான் வேலை பார்த்த முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். பெயர், ஊர் சொல்ல மாட்டேன். கைம்பெண்தான். இரவுப் பணியில் நான் போனால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: நீல ஜாடி பெரிய பேத்திக்கு, தட்டு அலமாரி சின்ன மகளுக்கு, ஜெபமாலை மூத்தவனுக்கு. "அவனுக்கு நிலம் போயாச்சு, ஆனாலும் என் கையிலிருந்து ஏதாவது அவனுக்குப் போகணும்" என்பார். எழுதித் தரச் சொல்வார். ஊழியர்கள் அதையெல்லாம் எழுதக் கூடாது என்பது விதி. மகளிடம் சொல்லுங்கள் பாட்டி என்று ஒவ்வொரு முறையும் நான் தட்டிக் கழித்தேன்.

அவர் இறந்த மறுநாள் குடும்பத்தார் கறுப்புப் பைகளோடு வந்தார்கள். அரை மணி நேரத்தில் அறை காலி. நீல ஜாடியைப் பேரன் ஒருவன் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பைக்குள் போட்டான். நான் கதவருகில் போர்வையை மடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கு எது என்று எனக்கு மனப்பாடம். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இல்லை, அதன்கீழே இருக்கும் சிரிப்பையாவது எடுத்துவிடுங்கள்.