கிலோ கூலிக்கு ஏது பஞ்சப்படி?

ஜனவரியும் ஜூலையும் வந்தால் போதும், பஞ்சப்படி என்கிற அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறும் என்று அரசு ஊழியர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை ஏறினால் சம்பளமும் தானாக ஏறுவது நல்ல ஏற்பாடு. அது கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் வரவில்லை என்பதுதான் என் கோபம்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலி கிலோ கணக்கு. கம்பி இழுக்க, பற்றவைக்க, மெருகு போட என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி. 2025-ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலே போனது. அதனால் பட்டறைக்காரருக்கு ஒரு பைசா கூடவில்லை, ஆர்டர் குறைந்ததுதான் மிச்சம். கூலி ஏற வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கடைசியில் வேலையை நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறினால் மூன்று ஆண்டில் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது போராடி 10 சதவீதம் வாங்கிவிட்டு 'கூலி உயர்வு' என்று பட்டாசு வெடிக்கிறோம்!

விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டோடு படியை இணைக்க 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இடம் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் படி ஏப்ரல்தோறும் மாறுகிறது, சென்னைக் குறியீட்டை வைத்து. சேலத்து விலைவாசிக்கென்றே மாதாமாதம் தனிக் குறியீடு வருகிறதே, அப்புறம் எதற்குச் சென்னைக் கணக்கு? சரி, அது சின்னச் சண்டை.

குறியீட்டிலும் ஓட்டை உண்டு. 2001-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த குறியீட்டு வரிசையில், மொத்தச் செலவில் உணவின் பங்கு என்று சுமார் 46 சதவீத எடை இருந்தது. 2016 வரிசையில் அது 39 ஆகிவிட்டது. கூலிக்காரர் வீட்டில் அரிசி, எண்ணெய், காய்கறிக்கு அவ்வளவுதானா போகிறது? இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

"கூலியை இப்படிக் குறியீட்டோடு கட்டிப்போட்டால் ஆர்டர் குஜராத்தின் ராஜ்கோட் வெள்ளிப் பட்டறைகளுக்குப் போய்விடும்" என்பார்கள். பயம் நியாயமானதுதான். சின்னப் பட்டறை முதலாளியும் வியாபாரியிடம் கூலிக்குச் செய்பவர்தான், அவர் தலையில் மட்டும் சுமத்தினால் பட்டறையை மூடிவிடுவார். அதனால் வியாபாரி கொடுக்கும் கிலோ கூலியிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். சேலம் குறியீடு ஓராண்டில் எவ்வளவு ஏறியதோ, ஏப்ரலில் கிலோ கூலியும் அதே சதவீதம் ஏறட்டும். விசைத்தறியின் மீட்டர் கூலிக்கும் இதே கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தொழிற்சங்கமும் வியாபாரிகளும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.