படம் பார்த்தால் படிப்பு வராதா?

"படப் புத்தகம் கொடுத்தால் குழந்தை படத்தைப் பார்த்தே ஊகிக்கும், எழுத்து பழகாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. திணறும் சொல்லைப் படத்தை வைத்து ஊகிக்கச் சொல்வது சரியில்லைதான். எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கவே உதவ வேண்டும். அதற்காகப் புத்தகத்தையே பிடுங்குவதா?

அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா வாசித்துக் காட்டாமல் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதிலை வளர்த்துப் பேசிய பெற்றோரின் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்தச் சொல்வளம்தான் பின்னாளில் படித்ததைப் புரிந்துகொள்ளக் கைகொடுக்கும்.

வாசிக்கும்போது வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சின்னக் குழந்தையின் கண் எழுத்துப் பக்கம் போவது அரிது. அப்புறம், படத்தைப் பற்றிக் குழந்தை சொல்வதை ஒரு வரியாக எழுதிக் காட்டி, பென்சிலை அதன் கையில் கொடுங்கள்.