மாடிப்படியில் ஏழாவது படி

எங்கள் வீட்டில் செல்போன் பேச ஒரே ஒரு இடம்தான் உண்டு. மாடிப்படியில் ஏழாவது படி. ஆறாவது படியில் நின்றால் எதிர்முனையில் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும், எட்டாவதில் கட். ஏழாவதிலும் சும்மா நின்றால் போதாது, வலது பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து போனை இடது காதில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஒரு போன் பண்ணணும்" என்று எழுப்பிவிடுகிற ஆள் நான்.

ரொம்ப நாள் இது என் மனப்பிரமை என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால் விஷயம் இருக்கிறது. டவரிலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், மரம், தண்ணீர்த்தொட்டி, தகரக்கூரை என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்தும் வருகிறது. ஓரிடத்தில் இவை ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று விழுங்கிவிடும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் அலையின் நீளமே சுமார் 17 சென்டிமீட்டர்தான். ஆகவே ஒரு சாண் நகர்ந்தால் குரல் வருவதும் போவதும் நடக்கக்கூடியதே. சிக்னல் தேடும்போது வீடு முழுக்க ஓடாதீர்கள். ஜன்னலோரமாக நின்று அரை அடி அரை அடியாக நகர்ந்து பாருங்கள், அதற்கே பலன் இருக்கும்.

அடுத்து இந்தக் கோடுகள். போன் தலையில் நாலு கோடு நிற்கிறதே, அதை நம்பித்தான் நான் பாதி ஏமாந்தேன். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று உலகப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது, போன் செய்கிறவர்கள் வைத்ததுதான் சட்டம். 2010-ல் ஐபோன் 4 வந்த சமயம், கோடு காட்டும் தங்கள் சூத்திரமே தப்பு, பல நேரம் இருப்பதைவிட 2 கோடு கூடுதலாகக் காட்டிவிட்டது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அதனால் கோட்டைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலவரத்தைத் திறந்தால் டிபிஎம் என்ற கணக்கில் மைனஸில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110-ஐத் தாண்டினால் திண்டாட்டம், மைனஸ் 120 என்றால் கும்பிடு போட்டுவிடலாம். 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். என் ஏழாவது படி மைனஸ் 104. சமையலறை மைனஸ் 118. வாசலில் நின்று பார்க்கவே இல்லை, அங்கே நாய் இருக்கிறது.

சரி, எண் நன்றாக இருந்தும் பேச முடியவில்லையே என்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. டவர் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது, நம் கைப்பேசியோ 4ஜியில் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில் முனகுகிறது. அது சொல்வது நமக்குக் கேட்டுவிடும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. என் தங்கச்சி பேசும்போதெல்லாம் நடப்பது இதுதான். அவள் குரல் கணீரென்று வருகிறது, "அண்ணே, அண்ணே, லைன்ல இருக்கியா? பதில் சொல்லேன்" என்கிறாள். நான் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறேன். கடைசியில் "எப்பவும் இப்படித்தான், பாதியில வச்சிடுவான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அவள் வைப்பதும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இப்படிப் போராடிப் போராடியே போனின் பேட்டரியும் தீர்ந்துபோகிறது. டவருக்கு எட்டவில்லை என்றால் போன் தன் முழுப் பலத்தையும் போட்டுக் கத்தும். பையில் சும்மா கிடந்த போன் மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டதென்றால் போனைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தத் தொல்லைக்கு நான் கண்ட பெரிய மருந்து வைஃபை காலிங், அதாவது டவரை விட்டுவிட்டு வீட்டு வைஃபை வழியாகவே கால் போவது. வீட்டுக்கு வேறு வழியில் இன்டர்நெட் வருகிறவர்களுக்குத்தான் இது உதவும், ஆனால் வருகிறவர்களிலேயே நிறையப் பேர் இதை ஆன் செய்யாமல் வைத்திருக்கிறார்கள். ஆன் செய்தும் சில போன்கள் அந்த ஒற்றைக் கோட்டையே பிடித்துத் தொங்கும். அப்போது ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள், வேறு வழியில்லாமல் வழிக்கு வரும். வழக்கமான நம்பரிலேயே கால் வரும், பல நிறுவனங்களில் எஸ்எம்எஸ்ஸும் அதே வழியாக வந்துவிடும். மின்சாரம் போனால் இதுவும் போகும். டவரும் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அடங்கிவிடும் என்பதால் அன்றைக்கு எல்லோருமே சமம்.

சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமே என்று வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அனுமதியில்லாத பூஸ்டர் பல நாடுகளில் குற்றம், காரணமும் நியாயமானது. தரமில்லாத கருவி இரைச்சலைத் திருப்பி டவர் பக்கமே அனுப்பும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு வந்துகொண்டிருந்த அரைகுறை சிக்னலும் போய்விடும். சிம் கொடுத்த நிறுவனமே தருவதாக இருந்தால் மாட்டுங்கள். அதைவிட வேறு நெட்வொர்க் சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டுப் பார்ப்பது மலிவு. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரமும் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 3500-ல் ஓடும் 5ஜி வேகத்துக்குப் பேர்போனது, ஆனால் டவர் தள்ளியிருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேராது. விளம்பரத்தில் எந்த ஜி என்று பார்க்காமல், நம் பக்கத்து டவரில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்று விசாரியுங்கள்.

அப்புறம் எஸ்எம்எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி முதல் எஸ்எம்எஸ் போனது, இன்றைக்கும் எங்களுக்கு அதுதான் துணை. பேச்சுக்கு இடைவிடாமல் இணைப்பு வேண்டும், இதற்கு ஒரு நொடி சிக்னல் எட்டிப் பார்த்தால் போதும். நெட்வொர்க் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, போன் கண்ணில் பட்டதும் கொடுத்துவிடும். ஒன்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி இடம் பிடிக்கும். வந்துட்டேன் என்பது நமக்கு 6 எழுத்து, போனுக்கு 11. 70-ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு வழியில் நின்றுவிட்டால் செய்தியே அரைகுறையாகிவிடும். சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். தங்கச்சியோடு இப்போது இதுதான் ஏற்பாடு. முதலில் எஸ்எம்எஸ், நான் படியேறி உட்கார்ந்தபின் கால்.

இதெல்லாம் நம் பக்கத்துச் சமாளிப்பு, பழகிவிட்டது. எனக்குக் கோபம் வருவது ஓடிபி விஷயத்தில்தான். கம்ப்யூட்டர் கீழே அறையில், இன்டர்நெட் அங்கே, சிக்னல் ஏழாவது படியில். பட்டனைத் தட்டிவிட்டு ஓடுவேன். படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு எண்களும் வரும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கி வந்தால் நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் நிற்கும். மூன்று முறை தப்பினால் 24 மணி நேரம் பூட்டு. பணம் என்னுடையது, கணக்கு என்னுடையது, ஆனால் நான் நானில்லை. நெட்வொர்க்கே இல்லாமல் போனின் கடிகாரத்தை வைத்து 30 நொடிக்கு ஒரு எண் உருவாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றன. அதற்கான பொது நெறிமுறை 2011-லேயே வந்துவிட்டது. கொடுக்கிற இடங்களிலெல்லாம் நான் மாறிவிட்டேன், நீங்களும் மாறுங்கள். ஆனால் எஸ்எம்எஸ்ஸைத் தவிர வேறு வழியே தராமல் ஒற்றைக்காலில் நிற்கும் இடங்கள் இன்னும் எத்தனை! டவர் தூரத்தில் இருப்பதையும் நடுவில் மேடு இருப்பதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எல்லார் கையிலும் எந்நேரமும் முழு சிக்னல் இருக்கும் என்று ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் சிம் கொடுத்த நிறுவனத்திடம் புகார் செய்தேன். ஏழாவது படியில் உட்கார்ந்து, இரண்டு முறை கட்டாகி, மூன்றாவது முறை புகார் எண் வாங்கினேன். எங்கள் பொறியாளர் உங்களை அழைப்பார் என்றார்கள். நாலு நாள் கழித்து எஸ்எம்எஸ் வந்தது. தங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம், தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்ததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். மைனஸ் 118. அந்த ஒரு மெசேஜ் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது.