பிராவின் கப் எழுத்து மட்டும் அளவைச் சொல்லாது
பிராவில் ‘டி’ கப் என்றாலே பெரியது, ‘பி’ என்றால் சிறியது, மார்புக்குக் கீழே உடலைச் சுற்றி வரும் பட்டையின் அளவு எதுவானாலும் கப் மாறாது என்று இங்கே பகிரப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. மார்பின் முழுச் சுற்றளவுக்கும் அதற்குக் கீழுள்ள சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது. பட்டை பெரிதானால் அதே எழுத்துள்ள கப்பும் பெரிதாகும். அதனால் 32-டி, 34-சி, 36-பி (எண் பட்டையின் அளவு, எழுத்து கப்) மூன்றின் கப்பும் கொள்ளளவில் ஏறத்தாழ ஒன்றே.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் 32-டியையும் 36-பியையும் எடுத்து, ஒன்றின் கப்பை மற்றதன்மேல் பொருத்திப் பாருங்கள். அருகில் ஒரு 36-டியையும் வையுங்கள், வித்தியாசம் தெரியும். பஞ்சு வைத்த, வடிவம் கலையாத மாடலாக இருக்கட்டும். மெல்லிய துணி கையில் நெளிந்து ஏமாற்றிவிடும்.