பிள்ளை அடம் பிடிக்கவில்லை, அவளுக்குக் காது வலித்தது

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் நாங்களும் கிளம்புகிறோம். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டும்போதே மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு விமானப் பயணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகளோடு ஊர் சுற்றுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது மகளுக்கு நான்கு வயது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கத்திலேயே உடை மாற்றி, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி தூங்கிவிட்டாள். 'அப்பாடா' என்று நானும் கண்ணை மூடினேன். இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்து கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு எழுந்தவள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பொம்மை கொடுத்தேன், தள்ளிவிட்டாள். போனைக் கொடுத்தேன், அதையும் தள்ளிவிட்டாள். கடைசியில் அவள் தொடையை அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாரும் பாக்கிறாங்க, வாயை மூடு" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் திட்டுவதைக் கேட்கப் பிடிக்காமல்தான் பொத்துகிறாள் என்று நினைத்தேன். அதனால் என் கோபம் இன்னும் ஏறியது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டு, "பிள்ளைக்குக் காது அடைக்குதும்மா. குடிக்க ஏதாவது குடு. முழுங்க முழுங்கச் சரியாயிடும்" என்றார். தண்ணீர் பாட்டிலை மகளின் வாயில் வைத்தேன். விம்மிக்கொண்டே நாலு மடக்கு குடித்தாள். அப்புறம் இன்னும் நாலு. அழுகை விம்மலாகி, விம்மல் மூக்குறிஞ்சலாகி, நின்றேவிட்டது. அவள் தொடையில் என் விரல் பதிந்த சிவப்பு மட்டும் வீடு போய்ச் சேரும்வரை என் கண்ணிலேயே நின்றது.

விஷயம் இதுதான். நடுக்காதையும் தொண்டையின் பின்பக்கத்தையும் ஒரு சின்னக் குழாய் இணைக்கிறது. வெளியே காற்றழுத்தம் மாறும்போது அந்தக் குழாய் திறந்தால்தான் காதுக்குள்ளும் அழுத்தம் சமமாகும். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் சரிவாகவும் அகலமாகவும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குறுகலாக, கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் இருப்பதால் சுலபத்தில் திறக்காது. விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். விழுங்கினால், கொட்டாவி விட்டால், எதையாவது சப்பினால் குழாய் திறக்கும். தூங்குகிற பிள்ளை அடிக்கடி விழுங்குவதில்லை. அதனால் இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே, எழுப்பிவிட வேண்டும். கைக்குழந்தை என்றால் அந்த நேரம் பார்த்துப் பாலூட்டலாம். சளி பிடித்திருந்தால் வலி இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இவ்வளவுதான். இது தெரியாமல் பெற்ற பிள்ளையை ஒரு விமானம் முழுக்க இருந்த ஆட்களுக்கு முன்னால் கிள்ளாத குறையாக அடக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் கருத்து ஒன்றே ஒன்றுதான். பயணத்தில் பிள்ளை 'அடம் பிடிக்கிறது' என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அடமே இல்லை. அது உடம்பு. காது, வயிறு, தூக்கம், வெயில், தாகம். பெரியவர்கள் நமக்கு இதெல்லாம் வந்தால் வாய்விட்டுச் சொல்கிறோம், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறோம், வண்டியை நிறுத்தச் சொல்கிறோம். பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதே பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு வார்த்தை கிடையாது. அழுகை ஒன்றுதான் இருக்கிறது. அதையும் 'குணம்' என்று பெயர் வைத்துத் திட்டினால் அது எங்கே போகும்?

கார்ப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் எட்டு வயதில், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில், சத்தம் போடாமல் வரட்டுமே என்று நானேதான் கையில் போனைக் கொடுத்தேன். அரை மணி நேரம் நிம்மதி. அப்புறம் இருக்கை, சட்டை, தங்கச்சியின் பொம்மை எல்லாவற்றின்மேலும் வாந்தி. "முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று கத்தினேன். ஆனால் அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், வாயால் இல்லை. பத்து நிமிஷமாகக் கொட்டாவி விட்டான். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. ஏசி ஓடும்போது இவனுக்கு ஏன் வேர்க்கிறது என்றுகூட நினைத்தேன். குமட்டலுக்கு முன்னால் வரும் அடையாளங்கள் இவையேதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம், திரும்புகிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையவே இல்லை' என்று சொல்கிறது. இந்த இரண்டு சேதியும் முட்டிக்கொள்வதுதான் வாந்திக்குக் காரணம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இது அநேகமாக வருவதில்லை. 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். அந்த வயதுப் பிள்ளைகளைப் பின் இருக்கையில், முன் சீட்டின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாத உயரத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு திரையையும் கொடுக்கிறோம்.

இப்போதெல்லாம் வளைவு தொடங்கும் முன்பே போனை வாங்கிவிடுவேன். முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்வேன். கதை கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம். காதுக்கு வேலை கொடுத்தால் வம்பில்லை, கண்ணுக்குக் கொடுத்தால்தான் வம்பு. வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாலே பாதி தெளிந்துவிடும். மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைத் தருவதற்குப் பதிலாகத் துள்ளலைத் தந்துவிடும்.

தூக்கம். இதில்தான் நாம் செய்யும் அநியாயம் அதிகம் என்பேன். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். வீட்டில் இதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் அதே பெற்றோர்தான் சுற்றுலாவில் விடியலில் எழுப்பி, மதியம் முழுக்க வெயிலில் நடத்தி, இரவு பதினொரு மணிக்கு உணவகத்தில் உட்காரவைத்து, "இன்னிக்கு என்ன இவ்வளவு சிணுங்கறே?" என்று கேட்கிறோம். எங்கள் பழைய பயணத் திட்டங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து இடம், ஆறு இடம் என்று எழுதியிருக்கிறது. சாப்பாட்டுக்கு நேரம் போட்டிருக்கிறோம், படம் எடுக்கக்கூட நேரம் போட்டிருக்கிறோம். பிள்ளை படுக்க ஒரு வரி இல்லை.

'இவ்வளவு காசு போட்டு வந்துவிட்டு அறையில் போய்த் தூங்குவதா?' என்ற கேள்வி எனக்கும் வரும். என் கணவர் இன்னும் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருஷத்தில் கிடைப்பதே அந்த ஏழெட்டு நாள் லீவு. அதில் முடிந்தவரை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் தூங்காத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்த்த நாலாவது இடத்தில் நாம் உண்மையில் எதைப் பார்த்தோம்? நான் பார்த்தது என் மகளின் அழுத முகத்தை மட்டும்தான். போன வருஷம் மதியம் 12 முதல் 3 வரை அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று வைத்துக்கொண்டோம். வெயில் உச்சியில் இருக்கும் நேரமும் அதுதான். பிள்ளைகள் தூங்கினார்கள். பக்கத்தில் நாங்களும் தூங்கினோம். சாயங்காலம் ஒரே ஒரு இடம். திரும்பி வரும்போது மகன், "அம்மா, நாளைக்கும் இங்கயே வரலாமா?" என்று கேட்டான். 'எப்ப வீட்டுக்குப் போவோம்' என்று கேட்காத பயணம் எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் ஓய்வுநேரமும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. அந்த வரிசையில் ஓய்வுதான் முதலில் வருகிறது. படித்தபோது எனக்குச் சுருக்கென்றிருந்தது. விடுமுறை பெயரளவில் பிள்ளைகளுடையதுதானே? பள்ளிக்கூடம் விட்டது அவர்களுக்குத்தானே?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அழுகிற பிள்ளையைக் கண்டு நாம் பதறுகிறோம், கோபப்படுகிறோம். ஆனால் சத்தமே இல்லாமல் வரும் ஆபத்துகள்தான் பெரியவை. நிறுத்திவைத்த காருக்குள் 10 நிமிஷத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறிவிடும். ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். தூங்குகிறானே, ஏன் எழுப்புவானேன், ஒரு நிமிஷத்தில் ஓடி வந்துவிடலாம் என்று விட்டுப் போகும் அந்த ஒரு நிமிஷம் ஒருபோதும் ஒரு நிமிஷமாக இருப்பதில்லை. எழுப்புங்கள். அழட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்குப் போராடும் வாயால் எப்படிக் கூப்பிட முடியும்? கரையில் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தால், மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆறு பேரும் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று முறை. முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது, பேச்சு இருக்கக் கூடாது, கண் பிள்ளைமேலேயே இருக்க வேண்டும். அடுத்தவர் வந்து 'நான் பாத்துக்கறேன்' என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் எழ வேண்டும். உறவுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

காரில் மடியில் உட்காரவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'நான் பிடிச்சிருக்கேன்ல' என்போம். மோதும்போது பிள்ளையின் எடை பல மடங்காக இழுக்கும். எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைகளுக்கான தனி இருக்கையில் பெல்ட் போட்டால் மகள் ஊரைக் கூட்டுவாள்தான். கூட்டட்டும். இது ஒன்றில் மட்டும் நான் பிள்ளையின் அழுகைக்கு இறங்கிப் போவதில்லை.

பிள்ளை அழும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு உங்கள் பார்வைதான் மகளின் அழுகையைவிடப் பெரிதாக இருக்கிறது. நான் மகளை அழுத்திப் பிடித்தது அவளுக்காக இல்லை, உச்சுக் கொட்டியவருக்காக. அந்த வயதான அம்மா மட்டும் அன்று என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இறங்கும்போது கூட்டத்தில் நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். என் கணவர் எழுதிய பட்டியலில் பதினொரு இடம் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதில் ஏழு இடங்களை அடித்துவிட்டோம். மகளுக்கு இப்போது ஏழு வயது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், அழுகை வரும்போல இருந்தால், 'உடம்பு' என்று சொன்னால் போதும். நாங்கள் எதுவும் கேட்காமல் நிற்போம். முதலில் தண்ணீர், அப்புறம் நிழல், அப்புறம் சாப்பிட ஏதாவது, அதற்கும் சரியாகவில்லை என்றால் அறைக்குத் திரும்பிவிடுவோம்.

போன வாரம் ஓர் அலுவலகத்தில் வரிசையில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, மெதுவாக, "அம்மா, உடம்பு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வரிசையை விட்டு வெளியே வந்து, மரத்தடியில் உட்காரவைத்து, பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.