கூப்பிடு தூரத்துக்கு 40 கிலோமீட்டர்

சைக்கிளுக்கு வழி காட்டுகிற ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. அதைச் செய்த புண்ணியவான் யாராக இருந்தாலும் சரி, ஒரே ஒரு நாள், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பை தொங்குகிற சைக்கிளோடு இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் ஃபெலிக்ஸ்டோ ஃபெர்ரி படகுத்துறையில் வந்து நிற்கட்டும். அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை, முகத்தில் அறைகிற காற்றில். அப்புறம் பேசிக்கொள்வோம்.

நான் நின்றேன். டீபன் ஆறு கடலில் விழுகிற இடம் அது. எதிரே பாட்ஸி கரை. அங்கே ஒருவர் நாயை அதட்டினால் இங்கே கேட்கும், அவ்வளவுதான் அகலம். போனில் நீலக்கோடு தண்ணீருக்கு மேலே ஜம்மென்று போகிறது. பக்கத்திலேயே ‘படகு, 5 நிமிடம்’ என்று வேறு. துறையில் படகும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பலகை மட்டும் இருந்தது: இந்த மாதம் சனி, ஞாயிறு மட்டும்.

படகுக்காரர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கோடையில் தினமும் ஓட்டுகிறார்கள், சைக்கிளையும் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்கிறார்கள். பாட்ஸி பக்கம் நிற்பவர்கள் அங்கே வைத்திருக்கும் வெள்ளை மட்டையை எடுத்து ஆட்டினால் போதும், வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். குளிர் தொடங்கியபின் ஈ, காக்கை வராத துறையில் அவர்கள் யாருக்காகக் காத்திருப்பது? என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த நீலக்கோட்டின் மேல்தான். வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். ஜனவரி மாதத்துக்குக் கேட்டாலும் அதே கோடு, ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டாலும் அதே 5 நிமிடம். படகு வேறு, பாலம் வேறு என்று அதற்கு யாருமே சொல்லித் தரவில்லையா?

"பார்த்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று வீட்டில் கேட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தானே தாயே போனேன்!

எதிரே தெரிகிற அந்த பாட்ஸியில்தான் 1937-இல் பிரிட்டனின் முதல் ரேடார் நிலையம் வேலைக்கு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் வரும் விமானத்தைக் கண்டுபிடித்த ஊர். இருநூறு சொச்சம் மீட்டரில் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்த என்னைக் கண்டுபிடிக்கத்தான் ஆளில்லை.

சரி, சுற்றிப் போகலாமே என்பீர்கள். டீபன் ஆற்றில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் பாலம் மெல்ட்டன் ஊரின் வில்ஃபோர்டு பாலம். கிர்ட்டன், மார்ட்டில்ஷம், உட்பிரிட்ஜ் என்று வந்த திசையிலேயே திரும்பி ஏறி, பாலத்தைத் தாண்டி, மறுகரை வழியாக பாட்ஸிக்கு இறங்கினால் 40 கிலோமீட்டர் ஆகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, சஃபோக்கில் அதை வரைபடத்தில் வரைந்தே காட்டலாம்.

இந்தக் கடற்கரையே அப்படித்தான். ஸ்டவர், ஆர்வெல், டீபன், ஆல்ட், பிளைத் என்று வரிசையாகக் கழிமுகங்கள் நிலத்தைக் கீறிவைத்திருக்கின்றன. கரையை ஒட்டி ஊர் ஊராகப் போகும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. ஏ12 நெடுஞ்சாலை புத்திசாலித்தனமாக உள்ளே தள்ளிப் போய்விட்டது. லாரிகள் பறக்கிற அந்தப் பக்கம் சைக்கிளோடு போக எனக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. ஆல்ட் ஆறு இன்னும் மோசம். ஆல்ட்பரோ பக்கத்தில் ஸ்லாடனில் அது கடலைத் தொடவேண்டியதுதான் பாக்கி, நடுவில் ஒரு கூழாங்கல் மேடுதான். அங்கே வந்தபின் மனசு மாறி, தெற்கே திரும்பி, கடலுக்குப் பக்கத்திலேயே 16 கிலோமீட்டர் போய் அப்புறம்தான் சேர்கிறது. ஆற்றுக்கே நேர்வழி தெரியாத ஊரில் ஆப்பை மட்டும் நம்பியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

இதே கரையில் வடக்கே இருக்கும் டன்விச் போவதுதான் என் திட்டம். ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். 1286-இலிருந்து புயல் புயலாக வந்து கடல் தின்றுவிட்டது. கடைசியாக நின்ற மாதா கோயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டு துண்டாகக் கீழே போனது. மிச்சத்தையாவது பார்த்துவிடலாம் என்று இப்ஸ்விச்சிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். வில்ஃபோர்டு பாலத்தைத் தாண்டும்போது மணி இரண்டரை.

அங்கே ஆரம்பித்தது இரண்டாவது கூத்து. பாலம் தாண்டினால் ஹீத் வெளி. மரம் அதிகம் இல்லாமல் ஹெதர் புதரும் முள் கோர்ஸும் பரந்து கிடக்கும் மணல் பூமி. ‘சாண்ட்லிங்ஸ்’ என்று பேரிலேயே மணலை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தடத்தைக் காட்டி, ‘சைக்கிளுக்கு ஏற்றது’ என்றது ஆப். எந்த சைக்கிளுக்கு? முதல் நூறு மீட்டர் கெட்டித் தரை. அப்புறம் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. பின்சக்கரம் பை கனத்தோடு ரிம் வரை இறங்கியது. தேரி மணலில் மாட்டின மாதிரி. இறங்கித் தள்ளினால் ஷூவுக்குள் மணல். செயினில் எண்ணெய் இருந்த இடமெல்லாம் மணல் அப்பி, பெடலை மிதிக்கும்போதெல்லாம் அம்மியில் உப்பு அரைக்கிற சத்தம். வெயில் பட்ட கோர்ஸ் பூவிலிருந்து தேங்காய் வாசனை வந்தது, நிஜமாகவே தேங்காய். அந்த நேரத்தில் அதை ரசிக்க நான் என்ன முனிவரா?

தள்ளி முடித்து ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நாயோடு ஒரு பெரியவர் எதிரே வந்தார். "மன்னிக்கணும், இது நடக்கிறவங்களுக்கான பாதை" என்றார், ரொம்ப மரியாதையாக. கம்பத்தைக் காட்டினார். மஞ்சள் அம்பு. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரைப்பாதை, அதில் 1968 சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம். 2000-இல் சட்டம் போட்டு ஹீத்தையெல்லாம் எல்லோருக்கும் திறந்துவிட்டார்களே என்று சிலர் வருவார்கள். அந்தச் சட்டமும் நடப்பவர்களுக்குத்தான். இங்கிலாந்தின் பொதுவழிப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை உள்ளவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. இதெல்லாம் கம்பத்துக்குத் தெரிகிறது, நாயோடு வந்த பெரியவருக்குத் தெரிகிறது. செயற்கைக்கோளோடு பேசுகிற ஆப்புக்கு மட்டும் எல்லாமே ஒரே புள்ளிக்கோடு! "சாரி சார்" என்று திட்டு வாங்கிக்கொண்டு இறங்கித் தள்ளியது நான்தான், அது சட்டைப்பையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

நாலரை மணிக்கு டன்விச் ஆசையை விட்டுவிட்டேன். ஆர்ஃபோர்டு போகும் வழியில் பட்லி படகு என்று இன்னொன்று உண்டு. தன்னார்வலர்கள் துடுப்புப் போடும் குட்டிப் படகு, அதுவும் சீசனில் வார இறுதி மட்டும். அதற்கும் ஆப் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

மெல்ட்டன் ஸ்டேஷனில் இப்ஸ்விச் ரயிலுக்குக் காத்திருந்தபோது போன் அதிர்ந்தது. கோப்பைப் படம், வண்ணக் காகிதம் தூவுகிற அனிமேஷன். ‘வாழ்த்துகள்! இந்த மாதத்தின் மிக நீண்ட பயணம்!’ கீழே ஒரு பொத்தான்: ‘இந்த வழியை நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறீர்களா?’